வேலைநிறுத்தப் பந்தலில் என் மனைவி

என் மனைவி மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏற ஆரம்பித்தபோது, அதை நான் அசதி என்றுதான் நினைத்தேன். திருவொற்றியூரில் எங்களுக்கு ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி. அவள் காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டில் நின்றபடியே வேலை செய்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவாள். ஐஸ் தண்ணீரில் ஊறிய கை, நின்று நின்று வீங்கிய கால். அந்த வேலைக்கு யாருக்குத்தான் மூச்சு வாங்காது என்று விட்டுவிட்டேன். கேட்டால் அவளும், "வயசாவுது இல்ல" என்று சிரிப்பாள். அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே லாரித் தண்ணீர் வந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவள் பாதியில் குடத்தை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்து நின்றாள். நான் பின்னால் இன்னொரு குடத்தோடு ஏறி வந்தேன். முகத்தைப் பார்த்தால் உதடு நீலமாக இருந்தது. "இன்னாமே ஆச்சு?" என்றேன். கையை மட்டும் ஆட்டினாள். பேச மூச்சு இல்லை. அன்றைக்குத்தான் பயந்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர் சின்ன வயசுப் பெண். பொறுமையாகக் கேட்டார். "சின்னப் பிள்ளையா இருக்கும்போது அடிக்கடி தொண்டை வலி, காய்ச்சல், முட்டி வீக்கம் வந்துச்சாம்மா?"

"வந்துகினே இருக்கும் டாக்டரம்மா. எங்கம்மா மொளகு தட்டிப் போட்டுக் கஷாயம் குடுக்கும். சரியாப்பூடும்."

"அந்தக் காய்ச்சல்தான் அப்பவே இதயத்துல போய் உக்காந்திருக்கு. உள்ள இருக்கிற வால்வு சுருங்கிப்போச்சு. எடுத்துட்டு வேற வைக்கணும்."

"வால்வுன்னா லாரி டயர்ல இருக்குமே, அதுவா?" என்றாள் என் மனைவி. டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபரேஷன் இங்கே இலவசம், ஆனால் உள்ளே பொருத்துகிற வால்வு அரசாங்கக் காப்பீட்டில்தான் வரும், அட்டை இருக்கிறதா என்று கேட்டார். எங்களிடம் இல்லை. எங்கள் பிளாக்கில் பாதிப் பேரிடம் அந்த அட்டை இருந்தது. ஊரெல்லாம் முகாம் போட்டுக் கொடுத்தபோது, நமக்கு எதற்கு, நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நாங்கள் போகவில்லை. கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க் வேலை எனக்கு. வருகிற பெட்டியின் எண்ணைச் சரிபார்ப்பது, சீல் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது. ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் சம்பளம் போகும். முகாமுக்குப் போகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

காப்பீட்டுக் கவுன்டரில் இருந்த பையன், "வருமானச் சான்று மட்டும் வாங்கிட்டு வாங்கண்ணே. இங்கயே அட்டை போட்டுத் தந்துடறேன்" என்றான். டாக்டரும், "அட்டை வந்ததும் தேதி குறிச்சிடலாம். ஆனா தள்ளிப் போடாதீங்க" என்றார். அந்த வார்த்தையை அவர் என்னைப் பார்த்துச் சொன்னார், அவளைப் பார்த்து அல்ல.

இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டோம். அது முதலில் வி.ஏ.ஓ. கணினிக்குப் போகும். அவர் விசாரித்து அனுப்பினால் ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர், அதற்குமேல் தாசில்தார். ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றார்கள். நாங்கள் போட்ட மறுநாள் அரசு ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது.

டீக்கடைப் பேப்பரில் முதல் நாள் படித்தபோது எனக்கு அது சாதாரணச் செய்தி. அவர்களுக்கும் ஒரு மருத்துவக் காப்பீடு இருக்கிறதாம். மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்களாம். அரசாங்கம் அதைச் சீர்திருத்துகிறேன் என்று விதிகளை மாற்றியதில் பல ஆஸ்பத்திரிகள் பட்டியலிலிருந்து போய்விட்டன, பல சிகிச்சைகளுக்கு நோயாளியே முதலில் கட்ட வேண்டும் என்றாகிவிட்டது, பழையபடி மாற்று என்று எல்லாத் துறையினரும் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். மாசம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு குறையா என்று நினைத்துக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

ஒரு வாரம் கழித்துத் தாலுகா ஆபீஸுக்குப் போனால் இரும்புக் கேட்டில் சங்கிலி. கேட்டுக்குப் பக்கத்திலேயே ஷாமியானா போட்டு, தரையில் ஜமுக்காளம் விரித்து ஊழியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மைக்கில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். வெளியே என்னைப் போல நிறையப் பேர் நின்றிருந்தோம். சாதிச் சான்றுக்கு வந்த காலேஜ் பிள்ளைகள், அம்மாவுக்கு டயாலிசிஸ் அட்டை புதுப்பிக்க ராயபுரத்திலிருந்து வந்த ஒரு பாய், வாரிசுச் சான்றுக்காக வந்த வெள்ளைச் சேலைக்காரம்மா. ஒருவருக்கொருவர் விஷயத்தை விசாரித்துக்கொண்டு அந்த வெயிலில் நின்றோம்.

பந்தலில் ஓரமாக இருந்த ஒருவரிடம் போய் என் கதையைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. "ஸ்டிரைக் முடிஞ்சதும் முதல் வேலையா பண்ணிடலாம் சார்" என்றார்.

"எப்ப முடியும்?"

"அது கவர்மென்ட் கையில இருக்கு சார்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "உங்க காப்பீட்டுக்காக எங்க காப்பீட்ட நிறுத்தி வெச்சிகினு கீறீங்களே, நாயமாய்யா இது? என் பொண்டாட்டி படியேற முடியாம செத்துகினு கீறா. உங்களுக்கு சம்பளத்தோட ஆஸ்பத்திரியும் வோணும், எங்களுக்கு ஒண்ணியும் வோணாமா?" என்று கத்தினேன். மைக் நின்றுவிட்டது. பாய் வந்து என் தோளைப் பிடித்தார். பந்தலில் இருந்த இரண்டு இளைஞர்கள் எழுந்தார்கள். அவர்களைக் கையமர்த்திவிட்டு ஒரு பெண் எழுந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடி, காட்டன் சேலை, வியர்வையில் நனைந்த ரவிக்கை.

"கத்துங்க" என்றார். "நாங்களும் கத்தறதுக்குத்தான் இங்க உக்காந்திருக்கோம். எந்த ஏரியா நீங்க?"

சொன்னேன்.

"அப்போ நான்தான் உங்க வி.ஏ.ஓ." என்றார். "உங்க விண்ணப்பம் என்கிட்டதான் நிக்குது."

யார் கையில் என் மனைவியின் காகிதம் நிற்கிறது என்று தெரியாத வரைக்கும் பொதுவாகத் திட்ட முடிந்தது. எதிரில் வந்து நின்று நான்தான் என்று ஒருவர் சொன்ன பிறகு வாய் எழவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த நாட்களில் நான் போகாத இடம் இல்லை. பாரிமுனைப் பக்கம் போய்க் கலெக்டர் ஆபீஸில் நின்றேன். உள்ளே இருந்த ஒரே அதிகாரி, ஆள் இல்லாமல் எந்த லாகினையும் திறக்க முடியாது என்றார். கவுன்சிலரைப் பார்த்தேன். அவர் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு காப்பீட்டுக் கவுன்டருக்குப் போனால், அந்தப் பையன் படித்துப் பார்த்துவிட்டு முகம் வாடிப்போனான். "நான் ஒத்துக்கறேண்ணே. கம்ப்யூட்டர் ஒத்துக்காதே" என்றான். யார்டில் சூப்பர்வைசர், "இன்னும் எத்தினி லீவுய்யா?" என்று கேட்க ஆரம்பித்தார். எங்கே போனாலும் யாரும் விரட்டவில்லை. உட்காரச் சொன்னார்கள், கேட்டார்கள், வருத்தப்பட்டார்கள். ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. விரட்டியிருந்தால்கூடச் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

இதற்குள் அவள் ஷெட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் தலையணை சாத்தி உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஒருநாள் காலையில் நான் கிளம்பும்போது, "இன்னிக்கி நானும் வர்றேன்" என்றாள்.

"நீ வந்து இன்னா பண்ணப் போற? வெயில்ல நிக்கணும்."

"நீ போய்க் கத்திட்டு வர்ற. நான் போய் மொகத்தக் காட்டறேன். ஆளப் பாத்தா அவங்களுக்கே தோணும்."

மெதுவாக இறக்கி, ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நிழல் என்று இருந்தது அந்தப் பந்தல் ஒன்றுதான். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவள் நேராகப் போய்ப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் ஜமுக்காளத்தில் உட்கார்ந்துவிட்டாள். வி.ஏ.ஓ. அம்மா திரும்பிப் பார்த்தார். மூச்சு வாங்குவதைப் பார்த்ததும் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். மைக்கில் கோஷம் போட்டார்கள். எல்லோரும் கை உயர்த்தினார்கள். என் மனைவியும் பாதி உயர்த்திவிட்டு, இது நமக்கு இல்லையே என்று கையை இறக்கிக்கொண்டதை நான் ரோட்டில் நின்று பார்த்தேன்.

நான் யார்டுக்குப் போய்விட்டு மாலை வந்து அழைத்துப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். மாலையில் வந்து பார்த்தால் பழைய சிநேகிதிகள் போல இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு டிபன் பாக்ஸ் திறந்து கிடந்தது. மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். வீட்டில் தனியாக மூச்சை எண்ணிக்கொண்டு இருப்பதைவிட அங்கே நாலு பேரோடு இருப்பது அவளுக்குத் தேவலையாக இருந்தது. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று பந்தலில் எல்லோரும் கேட்டார்கள்.

ஒருநாள் வீடு திரும்பியதும் கேட்டேன். "அவங்ககிட்ட கேட்டியா?"

"இன்னா கேக்கறது?"

"இன்னா கேக்கறதா? நம்ம சர்ட்டிபிகேட்டு. இத்தினி நாளு கூடவே உக்காந்துகினு கீற, ஒரே ஒரு லாகின் போட்டு உட சொல்றதுக்கு இன்னா?"

தலையணையைச் சாத்தி உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னாள். அந்த அம்மாவுக்கு ஒரே மகள், காலேஜ் படிக்கிற பெண். முழங்கால் எலும்பில் கட்டி வந்து, காலை எடுக்க வேண்டும் என்று ஒரு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இன்னொரு இடத்தில், கெட்டுப்போன எலும்பை எடுத்துவிட்டு உள்ளே உலோகம் வைத்தால் காலைக் காப்பாற்றலாம் என்றார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு காப்பீட்டு விதி மாறிவிட்டது. ஆபரேஷனுக்குத் தருவோம், உள்ளே வைக்கிற உலோகம் எங்கள் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்கள். மீஞ்சூரில் இருந்த மனையை விற்று மகளின் காலைக் காப்பாற்றினார். இன்னும் கீமோ பாக்கி இருக்கிறது. அது போட்டுக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி இப்போது பட்டியலில் இல்லை.

"அவங்க பொண்ணு காலுக்கு வெக்கிறத தர்லன்னுதான் வந்து உக்காந்துகினு கீறாங்க. நான் போயி, என் நெஞ்சுக்கு வெக்கிறதுக்கு நீ எழுந்து போயி கையெழுத்துப் போடுக்கான்னு எப்டியா கேப்பேன்? உனுக்கு வாய் வருமா, சொல்லு."

"எனக்கு வரும்" என்றேன். கோபத்தில் சொன்னேன், ஆனால் பொய்யாகச் சொல்லவில்லை. அவள் உதடு நீலமாகிற ஒவ்வொரு முறையும் யாருடைய மகளைப் பற்றியும் நினைக்க என்னால் முடியவில்லை.

"அப்போ நீயே போயி கேளு" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

நான் கேட்கவில்லை. கேட்பதற்குள் வேறு ஒன்று நடந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து யார்டில் ஒரு பெட்டியின் சீலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எடுத்தால் வி.ஏ.ஓ. அம்மா. "பதறாதீங்க. ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டு இருக்கோம். நேரா அங்க வந்துடுங்க" என்றார். பின்னாலிருந்து ஆட்டோ ஹாரனும், யாரோ இருமுகிற சத்தமும் கேட்டன. அந்த இருமல் அவளுடையது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றிருந்தன. அத்தனை வருஷம் அந்த லாரிகளுக்கு நடுவில் வேலை செய்தவன், அன்றைக்கு ஒவ்வொரு டிரைவரையும் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே பைக்கை நுழைத்துப் போனேன். எமர்ஜென்சி வார்டில் அவளுக்கு ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். நுரையீரலில் நீர் கோத்துவிட்டதாம். கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் நர்ஸ். வி.ஏ.ஓ. அம்மா கட்டில் பக்கத்தில் நின்று அவள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சேலை முந்தானையில் வாந்தி பட்டிருந்தது. அவருக்கு அது தெரிந்ததாகவே தோன்றவில்லை.

மூச்சு கொஞ்சம் அடங்கியதும் நாங்கள் இரண்டு பேரும் வராந்தாவுக்கு வந்தோம். நான் வாயைத் திறப்பதற்கு முன் அவரே சொன்னார்.

"நீங்க கேக்கல. அவளும் கேக்கல. நானே சொல்றேன். முந்தாநாளே என் லாகின்ல உங்க விண்ணப்பத்த முடிச்சு மேல அனுப்பிட்டேன். யாருக்கும் தெரியாது. ஆனா ஆர்.ஐ.யும் தாசில்தாரும் போடாம அது சான்றா ஆகாது."

அவர் அங்கேயே நின்று ஆர்.ஐ.க்குப் போன் போட்டார். முதலில் மெதுவாகப் பேசினார். பிறகு குரல் உயர்ந்தது. "சங்கம்தான் சார் எனக்கும் பெருசு. பதினெட்டு வயசுப் பொண்ண வீட்ல தனியா விட்டுட்டுத் தினமும் வந்து உக்கார்றவ நான். எனக்கு நீங்க சங்கம் சொல்லிக் குடுக்காதீங்க. நம்ம பந்தல்லதான் சார் அவ விழுந்தா." அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, அவர் போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவர் மேலயும் தப்புச் சொல்ல முடியாது" என்றார். "ஒருத்தருக்குத் திறந்தா நூறு பேர் நிப்பாங்க. எல்லாமே அவசரமாத்தான் இருக்கும். அப்புறம் ஸ்டிரைக்னு ஒண்ணு இருக்காது. கவர்மென்ட் எதிர்பாக்கிறதே அதத்தான்."

மறுநாள் பந்தலில் அதைப் பற்றிப் பேச்சு எழுந்தது என்று பாய் எனக்குப் போனில் சொன்னார். மருத்துவத்துக்கான சான்றுகளை மட்டும் பந்தலிலேயே மேஜை போட்டுக் கொடுத்துவிடலாம், அப்போது ஜனங்களும் நம் பக்கம் நிற்பார்கள் என்று வி.ஏ.ஓ. அம்மா எழுந்து கேட்டிருக்கிறார். பாதிப் பேர் கை தட்டினார்களாம். மீதிப் பேர் கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. மேலே தலைமையைக் கேட்டு முடிவு செய்வோம் என்று நிறுத்தினார்களாம். "உங்க வூட்டம்மா பேரச் சொல்லி அவ்ளோ நேரம் பேசினாங்க. நான் கேட்டு நின்னேன். மெர்சலாயிட்டேன்பா" என்றார். பாயின் அம்மாவுக்கும் அப்போது அட்டையில் கிடைத்த இலவச டயாலிசிஸ் நின்று போயிருந்தது. கையிலிருந்து கட்டிக் கட்டி வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைத்திருந்தார்கள். ஆனாலும் அன்றைக்கு அவர் என் மனைவியைப் பற்றித்தான் கேட்டார்.

தலைமையிடமிருந்து பதில் வருவதற்கு முன் வேலைநிறுத்தமே முடிந்துவிட்டது.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரரின் மகன் போனில் செய்தி பார்த்துச் சொன்னான். பேச்சுவார்த்தை நடந்ததாம். கோரிக்கைகளைப் பரிசீலிக்க ஒரு குழு அமைக்கப்படுமாம். அதை ஏற்று நாளை முதல் வேலைக்குத் திரும்புகிறார்களாம். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். "முடிஞ்சிச்சுமே. நாளிக்கி ஆபீஸ் தொறக்குது. ரெண்டு நாள்ல அட்ட வந்துடும்."

ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு, "அவங்க கேட்டது குடுத்துட்டாங்களா?" என்றாள்.

"குழு போட்டுக் கீறாங்களாம்."

"குழுவா?" என்றாள். மாஸ்க்கைப் பழையபடி வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர்கள் ஒன்றும் கிடைக்காமல் எழுந்துபோனதால்தான் எங்களுக்குக் கதவு திறந்தது. அவர்கள் இன்னும் உறுதியாக உட்கார்ந்திருந்தால் அவள் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. அவர்கள் எழுந்துவிட்டார்களே என்று நினைத்தாலும் மனசு நிறைந்து சந்தோஷப்பட முடியவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆபீஸ் திறந்த அன்றே வி.ஏ.ஓ. அம்மா ஆர்.ஐ.யின் மேஜைக்கு எதிரிலேயே நின்று, அதன்பிறகு தாசில்தார் அறை வாசலிலும் நின்று, எங்கள் விண்ணப்பத்தோடு பாயின் அம்மாவுடையதையும் இன்னும் சில மருத்துவ விண்ணப்பங்களையும் முடிக்க வைத்தார். மதியம் எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. கவுன்டர் பையன் அட்டை எண்ணைத் தட்டி முடித்ததும், "கம்ப்யூட்டர் ஒத்துக்கிச்சுண்ணே" என்று எழுந்து நின்று சொன்னான்.

ஆபரேஷன் பாதி நாள் நடந்தது. ஷெட்டில் அவளோடு இறால் உரிக்கிற பெண்கள் இரண்டு பேர் ரத்தம் கொடுக்க வந்திருந்தார்கள். வி.ஏ.ஓ. அம்மா லீவு போட முடியாது, ஸ்டிரைக் நாட்களுக்கே சம்பளம் பிடிக்கப் போகிறார்கள் என்று போன் மட்டும் போட்டுக்கொண்டே இருந்தார். டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்று சொன்னதும் நான் முதலில் அவருக்குத்தான் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரி, சரி. நீங்க போய் ஏதாவது சாப்பிடுங்க" என்றார்.

வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றவர்களுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அவருக்கும் வந்தது. கொஞ்ச நாளில் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்கு மாற்றல். மீஞ்சூரில் வாடகை வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தார். ஆர்.ஐ.க்கும் மாற்றல் வந்தது என்று கேள்விப்பட்டபோது, எனக்கு அவர் மேல் இருந்த கசப்பும் போய்விட்டது.

என் மனைவி பழையபடி நடமாடத் தொடங்கியதும், "மீஞ்சூருக்குப் போய் அக்காவப் பாக்கணும்" என்றாள். வஞ்சிரம் வாங்கிக்கொண்டு மின்சார ரயிலில் போனோம். கதவைத் திறந்தது அந்த அம்மாவின் மகள். தலையில் முடி இப்போதுதான் முளைத்திருந்தது. ஒரு கையில் ஸ்டிக். சிரித்த முகம். வி.ஏ.ஓ. அம்மா சமையலறையில் மீனைக் கழுவிக்கொண்டே, கீமோ முடிந்துவிட்டது, கடன்தான் முடியவில்லை என்றார். குறையாகச் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்று சொல்வது போலச் சொன்னார்.

சாப்பிட்டு முடித்து ஃபேனை நிறுத்தியபோது அறை அமைதியாக இருந்தது. அந்தப் பெண் என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று, "ஆன்ட்டி, உங்ககிட்ட வாட்ச் இருக்கா? டிக் டிக்னு கேக்குது" என்றாள்.

"வாட்ச் இல்லம்மா. வால்வு. உள்ள வெச்சது. சத்தம் போட்டுகினே இருக்கும்" என்று என் மனைவி நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அந்தப் பெண் காதைக் கொண்டுபோய் அவள் மார்பில் வைத்துக் கேட்டாள். பிறகு தன் முழங்காலைத் தட்டி, "எனக்கு இங்க இரும்பு. ஆனா சத்தம் போடாது" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்ற அவள் அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

கிளம்பும்போது, குழு என்ன ஆனது என்று கேட்டேன். "இன்னும் ஒரு தடவகூட உக்காரல" என்றார். "அடுத்த மாசம் ஆபீஸ் நேரம் முடிஞ்சப்புறம் ஆர்ப்பாட்டம் வெச்சிருக்கோம். சாயந்தரம் ஒரு மணி நேரம்தான். இந்தத் தடவ யாருக்கும் கேட்டப் பூட்ட மாட்டோம்."

"எங்கன்னு சொல்லுக்கா, வர்றேன்" என்றாள் என் மனைவி.

"நீ எதுக்கும்மா வெயில்ல."

"சாயந்தரம் இன்னா வெயிலு? நான் வர்றேன். இவரும் வருவாரு."

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த அம்மா ஸ்டேஷன் வரைக்கும் வந்து எங்களை ரயில் ஏற்றிவிட்டார். மகள் வீட்டில் தனியாக இருக்கிறாள் என்று ரயில் கிளம்புவதற்குள் திரும்பி வேகமாக நடக்கத் தொடங்கிவிட்டார்.